கிடாவை மாற்றுங்கள், மந்தை நோயைத் தாங்கும்

மழை ஓய்ந்ததும் செம்மறி ஆடு வளர்ப்போர் கேட்கும் கேள்வி இது: "ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல், ஒரே மருந்து. சில ஆடுகள் தாடை வீங்கிப் படுத்துவிடுகின்றன. பக்கத்து ஆடு திடமாக நிற்கிறதே, எப்படி?"

தாடை வீக்கத்திற்கு முக்கியக் காரணம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். இதைத் தாங்கும் சக்தி ஆட்டுக்கு ஆடு வேறுபடுவதில் பரம்பரைக்கும் பங்குண்டு.

காவல் மரபணுக்கள்

கிருமியையும் புழுவையும் இனம் கண்டு உடலுக்குக் காட்டிக் கொடுக்கும் மரபணுக் கூட்டம் ஆட்டின் 20-ஆவது குரோமோசோமில் உள்ளது. இவற்றுள் ஒரு மரபணுவுக்கு மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் ஓர் ஆட்டிடம் இருப்பவை இரண்டுதான்: தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. இரண்டும் வெவ்வேறானால் காவல் பலமாகும். ஸ்காட்லாந்தின் கருமுக ஆடுகளில், இம்மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வகையைப் பெற்ற குட்டிகளின் புழுக்கையில் புழு முட்டைகள் குறைந்திருந்தது 1995-ல் வெளியிடப்பட்டது. எனினும் புழு எதிர்ப்பு ஒரு மரபணுவால் மட்டும் அமைவதன்று. பல சேர்ந்தே அமைகிறது.

எங்கே தவறுகிறோம்?

பண்டிகை விலைக்கு நல்ல கிடாக்களை விற்றுவிட்டு, மிஞ்சியதைப் பொலிகிடாவாக விடுகிறோம். அதையே பல ஆண்டுகள் வைத்திருப்பதால் அது தன் மகள்களோடும் சேர்கிறது. அப்படிப் பிறக்கும் குட்டிக்கு, எந்த மரபணுவிலும் இரு பக்கமும் ஒரே நகல் வந்துசேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மந்தையின் எதிர்ப்புச் சக்தி இவ்வாறு கரைகிறது.

செய்ய வேண்டியவை

1. 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடா போதும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். வேற்றூர்ப் பட்டியோடு மாற்றிக்கொண்டால் செலவும் மிச்சம். மேச்சேரிக்கு மேச்சேரி, வேம்பூருக்கு வேம்பூர் என்று அந்தந்த இனத்திலேயே தேர்ந்தெடுக்கவும்.

2. புதுக் கிடாவை மூன்று வாரம் தனியே கட்டி, புழுக்கையைப் பரிசோதித்த பிறகே மந்தையில் சேர்க்கவும்.

3. மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கொருமுறை கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நலம், வெளுத்திருந்தால் இரத்தச்சோகை. அந்த ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டு உடனே மருந்து கொடுக்கவும்.

4. மருந்து கொடுத்த ஆட்டைக் குறித்து வையுங்கள். அடிக்கடி வெளுப்பதைக் கழித்துவிடவும். எப்போதும் சிவந்த இமையுள்ள தாயின் கிடாக்குட்டியை, பண்டிகைக்கு நல்ல விலை வந்தாலும், விற்காதீர்கள். அடுத்த பட்டிக்காரருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பொலிகிடா அதுவே.