ஆம்பர் எச்சரிக்கை எப்போது விடுக்கப்படுகிறது?

காணாமற்போன சிறுவர்களின் படங்கள் என் வட்ஸ்அப்புக்கு அடிக்கடி வருகின்றன. பலவற்றில் திகதி இருப்பதில்லை. பிள்ளை வீடு திரும்பிவிட்டதா என்பதும் தெரிவதில்லை. அமெரிக்காவின் 'ஆம்பர் எச்சரிக்கை' பற்றி நான் தேடிப் படித்தது இதனால்தான்.

1996 ஜனவரி 13 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த 9 வயதுச் சிறுமி ஆம்பர் ஹேகர்மன் கடத்தப்பட்டாள். கறுப்பு நிற பிக்கப் வாகனமொன்றைக் கண்டவர் பொலிஸாருக்கு அறிவித்தார். ஆனால், அந்தத் தகவலை ஊருக்கெல்லாம் உடனே சொல்ல அன்று ஒரு ஒழுங்கு இருக்கவில்லை. நான்கு நாட்களின் பின் அவளது உடல் கிடைத்தது. கொலையாளி பிடிபடவில்லை.

புயல் எச்சரிக்கையை ஒலிபரப்பும் வானொலிகள் இதையும் ஏன் ஒலிபரப்பக்கூடாது என்ற கேள்வி எழுந்தது. அவ்வருடமே டலஸ் பகுதியில் திட்டம் தொடங்கியது. இன்று கைத்தொலைபேசிகளுக்கும் நெடுஞ்சாலை மின்பலகைகளுக்கும் அச்செய்தி போகிறது.

காணாமற்போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது விடுக்கப்படுவதில்லை. பிள்ளை 17 வயதோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். கடத்தல் என்று பொலிஸார் நம்ப நியாயமான காரணம் வேண்டும். உயிராபத்தோ கடும் காயம் ஏற்படும் அபாயமோ இருக்க வேண்டும். அடையாளம் காணப் போதிய விபரமும் வேண்டும். அமெரிக்க நீதித் திணைக்களத்தின் பரிந்துரை இது. அடிக்கடி ஒலித்தால் மக்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பிள்ளை கிடைத்ததும் எச்சரிக்கை நிறுத்தப்படும்.

நாம் பகிரும் படங்களை இப்படி உறுதிப்படுத்துவாரும் இல்லை, நிறுத்துவாரும் இல்லை. இலங்கையில் பிள்ளை ஒன்று ஆபத்தில் இருப்பதாக அறிந்தால், முதலில் 119 பொலிஸ் அவசர இலக்கத்துக்கோ 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கோ அழையுங்கள். படத்தைப் பகிர்வது அதற்குப் பிறகு.