கண்ணுக்குத் தெரியாத பதினொரு அங்குலம்

கேதுரு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு லெபனான் மலை நினைவுக்கு வரும். தமிழ் விவிலியத்தைப் படித்தோர் அப்பெயரை நன்கு அறிவர். தேவதாரு என்றாலோ இமயமலைச் சாரலும் ஆங்குள்ள தவப்பள்ளிகளும் மனக்கண்முன் தோன்றும். இவ்விரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்களாம். இமயச் சாரலிலே, மனாலி என்னும் ஊரில், தேவதாருக் காட்டின் நடுவே, கடோற்கசனின் தாயாகிய இடும்பிக்கு 1553-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கோயிலொன்று உண்டு. அதன் அடுக்குக் கூரைகளுட் கீழுள்ள மூன்றும் மரத்தாலேயே வேயப்பட்டவை. ஓடும் ஓலையுமின்றி மரத்தாலும் கூரை வேயலாம் என்பதற்கு அக்கோயில் சான்று பகர்கின்றது.

ஆயின், இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட மரம் மூன்றாவதொன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, அலாஸ்காவின் தென்பகுதி தொடக்கம் கலிபோர்ணியாவின் வடபகுதி வரையும், மழை ஓயாத கடலோரக் காடுகளில் அது வளர்கின்றது. அந்நாட்டார் அதனைச் 'செங்கேதுரு' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். உண்மையில் அது கேதுரு இனத்தைச் சேர்ந்ததன்று. சைப்பிரசு மரக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் தூயா பிளிக்காட்டா. கடல் கடந்து குடியேறிய ஐரோப்பியர் அதன் நறுமணத்தை முகர்ந்து, தமக்குத் தெரிந்த பழம் பெயரை அதற்குச் சூட்டிவிட்டனர். 200 அடிக்கு மேல் ஓங்கி, ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வாழவல்ல மரம் அது.

ஒருநாள் வகுப்பிலே இம்மரத்தைப் பற்றியும், அதன் சிறு பலகைகளாற் கூரையும் சுவரும் வேய்தலைப் பற்றியும் கூறிக்கொண்டிருந்தோம். மாணவரொருவர் எழுந்து, "ஐயா, அவ்வளவு மழை பெய்யும் நாட்டில் மரத்தாற் கூரை வேய்ந்தால் உக்கிப் போகாதா?" என்று வினவினார். மிக நல்ல வினா. இக்கட்டுரை அதற்கு நாம் சற்று விரிவாகக் கூறும் விடையே.

வைரமும் வெளிறும்

பனையில் வைரத்தின் அருமையை நாம் அறிவோம். வைரம் பாய்ந்த பனை கைமரமாகும். வைரமற்றது அடுப்புக்கே செல்லும். செங்கேதுருவிலும் அவ்வாறே. அதன் நடுவிலுள்ள வைரத்திலே தூயாப்பிளிசின் எனப்படும் பொருள்கள் அடங்கியுள்ளன. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணங்களுக்கு அவை நஞ்சாகும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஆக்கிக்கொண்ட மருந்து அது. புறத்தேயுள்ள வெளிறுக்கு அக்காப்பு இல்லை. ஆதலின், முதற்றரக் கூரைப் பலகையில் வெளிறு சிறிதும் இருத்தல் ஆகாது; கணுவும் ஆகாது. அன்றியும், மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாய் அமையும்படி அறுத்திருத்தல் வேண்டும். அவ்வாறு அறுத்த பலகை வெயிலில் எளிதில் நெளியாது.

இம்மரத்தின் குணத்தை முதலிற் கண்டவர்கள் அக்கரையின் பழங்குடியினரே. ஹைடா முதலிய மக்கள் இதனாற் பெருவீடுகளை அமைத்தனர், ஓடங்களைக் குடைந்தனர், பட்டையை உரித்து ஆடையும் நெய்தனர். நிற்கும் மரத்திலேயே ஆப்பு அறைந்து, பலகையை மட்டும் பிளந்தெடுத்து, மரத்தை உயிரோடு விட்டுச் செல்லும் முறையும் அவர்களிடம் இருந்தது.

பின்வந்த குடியேறிகள் மரத்தைச் சிறு துண்டங்களாகத் தறித்து, ஒரு கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துப் பிளந்தனர். அவ்வாறு பிளந்தெடுத்த முரட்டுப் பலகை 'ஷேக்' எனப்படும். இயந்திர வாளால் அறுக்கப்பட்டது 'ஷிங்கிள்'. இதனை நாம் மரவோடு என்போம். மரவோடு ஒரே தடிப்புடையதன்று. அடிப்பக்கம் ஏறத்தாழ அரை அங்குலம் தடித்தும், தலைப்பக்கம் மிக மெலிந்தும் ஆப்புப் போல இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது படிந்து கிடப்பதற்கே இவ்வமைப்பு.

ஐந்தும் பதினொன்றும்

மரவோடுகள் 16, 18, 24 அங்குல நீளங்களிற் கிடைக்கும். 16 அங்குல ஓட்டையே எடுத்துக்கொள்வோம். நம்மூரிற் கிடுகு வேய்வோர் தாழ்வாரத்திலே தொடங்கி முகட்டை நோக்கிச் செல்வதுபோலவே இங்கும் வேலை கீழிருந்து மேலே செல்லும். முதல் வரிசையை மாத்திரம் இரட்டையாக அடித்து, கூரையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிவிடுவர். வடியும் நீர் சுவர்ப்பக்கம் திரும்பாது கீழே சொட்டுதற்கு இது வழி.

அடுத்த வரிசை முதல் வரிசையின்மேல் ஏறிப் படுக்கும். கீழோட்டில் வெளியே தெரியும் பகுதி 5 அங்குலமே. எஞ்சிய 11 அங்குலமும் மேல் வரிசைகளின் அடியில் மறைந்துவிடும். இக்கணக்கின் பயன் யாதெனின், கூரையின் எவ்விடத்தை நோக்கினும் அங்கே மூன்று ஓடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் என்பதே. மேலோடு வெடித்தாலும் இரண்டாவது காக்கும். இரண்டாவதும் தவறினால் மூன்றாவது காக்கும்.

இக்கணக்கு எல்லாக் கூரைக்கும் பொருந்தாது. கிடையாக 12 அங்குலம் செல்லும்போது கூரை 4 அங்குலமேனும் உயர்ந்தால்தான் 5 அங்குலத்தை வெளியே விடலாம். சரிவு 3 அங்குலமாகக் குறைந்தால், வெளியே விடுவதும் மூன்றேமுக்கால் அங்குலமாகக் குறைதல் வேண்டும். சரிவு குறைந்த கூரையில் நீர் மெல்லச் செல்லும். மெல்லச் செல்லும் நீர் இடுக்குகளிற் புக வழி தேடும். ஆதலின், சரிவு குறையக் குறைய மறைவு கூடவேண்டும் என்பது விதி.

இடைவெளி விடும் கலை

புதிதாக இவ்வேலையிற் புகுவோர் செய்யும் பெரும்பிழை, ஓடுகளை நெருக்கி அடித்தலாகும். நெருக்கினால் நீர் புகாது என்பது அவர் எண்ணம். ஆயின், மரம் நனைந்தால் அகலத்தில் வீங்கும்; காய்ந்தால் ஒடுங்கும். காய்ந்த ஓடுகளை இடைவெளியின்றி அடித்தால், முதல் மழையிலேயே ஒன்றையொன்று நெருக்கி, மேலெழும்பி, ஆணியையும் பிடுங்கிவிடும். அதனால் ஒவ்வோர் ஓட்டுக்கும் இடையே கால் அங்குலம் முதல், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைய, இடைவெளி விடுவர்.

அவ்விடைவெளியால் நீர் இறங்காதோ எனின், இறங்கும். இறங்கிய நீர் கீழேயுள்ள ஓட்டின் முகத்தில் விழுந்து வழிந்தோடும். அங்கேயும் நேராக ஓர் இடைவெளி இருந்தால்தான் ஆபத்து. ஆகவே, ஒரு வரிசையின் இடைவெளி அடுத்த வரிசையின் இடைவெளியிலிருந்து ஒன்றரை அங்குலமேனும் விலகி நிற்றல் வேண்டும். அடுத்தடுத்த மூன்று வரிசைகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் எவ்விரண்டிலும் இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் அமைதல் ஆகாது.

ஆணி அடித்தலிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. ஓடு அகலமாயினும் குறுகலாயினும் ஒன்றுக்கு இரண்டு ஆணிகளே. ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, அடுத்த வரிசையின் அடிவிளிம்பு வரும் கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் மேலே அவற்றை அடிப்பர். அப்போது ஆணித்தலை மழைக்குத் தெரியாது மறைந்துவிடும். ஆணித்தலை ஓட்டின் முகத்தைத் தொட்டு நிற்கவேண்டுமேயன்றி, மரத்தை நசுக்கி உட்புகுதல் ஆகாது. வெறும் இரும்பாணி இதற்கு உதவாது. மரத்தைக் காக்கும் அதன் சாறே இரும்பை அரித்து, ஓட்டின்மீது கருங்கோடுகளையும் இழுத்துவிடும். ஈற்றில் நல்ல மரமிருக்க ஆணி அற்றுப்போய், ஓடு காற்றிற் பறக்கும். ஆதலின், நாகப் பூச்சிட்ட ஆணியோ கறையில்லா உருக்காணியோ வேண்டும்.

ஓட்டின் அடியில் சிலாகைகளை நெருக்காது இடைவிட்டு அடித்தல் பழைய முறை. அவற்றின் ஊடே காற்று உலாவி, ஓட்டின் அடிப்பக்கத்தை உலர்த்தும். மரவோடு நனைதல் குற்றமன்று. நனைந்தபின் உலராதிருத்தலே குற்றம். ஆண்டுகள் செல்லச் செல்ல மழையானது வைரத்திலுள்ள மருந்தைச் சிறிது சிறிதாகக் கழுவிவிடும். சருகும் பாசியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இவற்றை அகற்றாத வீட்டுக்காரர் எத்துணை விலை கொடுத்து ஓடு வாங்கியிருந்தும் பயன் இல்லை.

சுவரில் வேய்தல் இதனினும் எளிது. நிமிர்ந்த சுவரில் நீர் தங்காதாகையால், 16 அங்குல ஓட்டில் 7 அங்குலம் வரை வெளியே விடலாம். வேலை தொடங்குமுன் ஒரு நீண்ட கோலில் வரிசைகளின் அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டின் நான்கு பக்கமும் அதனையே வைத்துப் பார்ப்பர். சாளரத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஓட்டு வரிசைகளோடு இயைந்து வருவதற்கே இது. மூலைகளில் ஒரு வரிசைக்கு இப்பக்கத்து ஓடும், மறு வரிசைக்கு அப்பக்கத்து ஓடுமாக மாறிமாறி ஏறி, பாய் முடைந்தாற்போலக் காணப்படும். புதிதில் செம்மண் நிறமாயிருந்த சுவர், நாளடைவில் வெயிலாலும் மழையாலும் வெள்ளி நரையை அடையும்.

விரல் இழந்த 'நெசவாளர்'

இத்துணை அழகிய தொழிலின் பின்னே மறைந்துள்ள மற்றொரு கதையையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ஆலைகளில் மரவோடு அறுத்தோரும் கட்டியோரும் 'ஷிங்கிள் நெசவாளர்' எனப்பட்டனர். ஓடுகளை அடுக்கிக் கட்டும் அவர்தம் கைகள் தறியில் ஓடும் நெசவாளரின் கைகளைப் போல விரைந்தமையால் வந்த பெயர் அது. அறுப்பவரின் முன்னே வாள் ஓயாது சுழலும். நிமிடத்துக்கு ஐம்பது முறையளவில் அவர்தம் கை அதன் பற்களின் அருகே சென்று மீளவேண்டும். சிறிது கவனம் பிசகினால் விரல் போய்விடும். விரல் குறைந்த கையே அத்தொழிலின் அடையாளமாயிற்று.

எவரெற் என்னும் ஆலை நகரிலே 1916-இல் இத்தொழிலாளர் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு ஆதரவாக நவம்பர் 5-ஆந் திகதி சியாற்றிலிலிருந்து கப்பலேறி வந்தோருக்கும், துறைமுகத்தில் ஆயுதந் தாங்கி நின்றோருக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இரு தரப்பிலுமாக ஏழு பேரேனும் மாண்டனர்.

மரத்தூளாலும் இடர் வந்தது. இம்மரத்திலுள்ள பிளிக்காற்றிக் அமிலம் தொழிலாளருட் சிலருக்கு ஈளை நோயை உண்டாக்குவதை வன்கூவர் நகர மருத்துவ ஆய்வாளர் 1970-களில் தெளிவாக்கினர். தொழிலை விட்டபின்னரும் நோய் விடாது தொடர்ந்தோர் பலர். பூஞ்சணத்தை அண்டவிடாத மரம், தன்னை அறுத்தவரின் மூச்சையும் வருத்தியது.

அயலவர் வீட்டு நெருப்பு

இனி, மரவோட்டின் பெருங்குறை நெருப்பாகும். உலர்ந்த கூரையில் ஒரு பொறி விழுந்தாற் போதும். எரியும் ஓடு இலேசானதாகையாற் காற்றிற் கிளம்பிப் பறந்து, தொலைவிலுள்ள மற்றொரு கூரையில் விழும். 1923-ஆம் ஆண்டு செப்டெம்பர் 17-ஆந் திகதி கலிபோர்ணியாவின் பேர்க்கிலி நகரிலே இவ்வாறு பரவிய தீயில் ஏறத்தாழ 600 கட்டடங்கள் எரிந்தன. 1991-ஆம் ஆண்டு ஒக்டோபர் 20-ஆந் திகதி அதே குன்றுத் தொடரில், ஓக்லாந்துப் பக்கத்தில், மீண்டும் தீ மூண்டது. 25 உயிர்களும் ஏறத்தாழ மூவாயிரம் வீடுகளும் அழிந்தன. மரக்கூரைகள் அத்தீயையும் ஊட்டி வளர்த்தன. தீத்தடுப்பு மருந்தூட்டிய மரவோடுகள் இன்று கிடைக்கின்றன; எனினும், வறண்ட காற்று வீசும் ஊர்கள் பலவற்றில் மரக்கூரைக்குத் தடையோ கடுங்கட்டுப்பாடோ உண்டு. மழைக்காட்டுக் கரைக்குப் பொருந்திய கூரை வறள்நிலக் குன்றுக்குப் பொருந்தவில்லை. ஒருவர் தம் வீட்டுக்கு இடும் கூரை அயலவர் வீட்டுக்கும் நன்மையோ தீமையோ ஆகின்றது.

மாணவருக்கு நாம் அன்று கூறிய விடை இதுவே: "உக்காது, தம்பி. ஆனால் மரம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது 5 அங்குலம். இடைவெளியைச் சரியாக விட்டாரா, ஆணியை உரிய இடத்தில் அடித்தாரா என்பனவெல்லாம் தெரியாத 11 அங்குலத்திலே கிடக்கின்றன. அதனை மேற்பார்வையாளர் பார்ப்பதில்லை, மழைதான் பார்க்கும்."

மாணவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயா, அந்த விரல்களும் அந்தப் பதினொன்றுக்குள்தானே அடங்கும்?" என்று கேட்டார். நாம் "ஆம்" என்றோம். அதற்குமேற் கூற எமக்கும் ஒன்றும் இருக்கவில்லை.