குடவாசல் வயலில் ஒரு ராத்திரிக் கிடை

சித்திரையில் உளுந்துச் செடி பிடுங்கிக் களத்துக்குப் போனதும் குடவாசல் வட்டாரத்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து வரும் கீதாரிகள் என்னும் ஆட்டு மந்தைக்காரர்கள் வலை கட்டிக் கிடை போடுவது அப்போதுதான். பெரிய ஆடுகள் வலைக்குள். குட்டிகள் தனியே, பின்னிய கூட்டுக்குள். ஆட்டைக் காப்பது இந்த அடைப்பின் பாதி வேலை. புழுக்கையும் மூத்திரமும் எந்த மண்ணில் விழ வேண்டும் என்று முடிவு செய்வது மறுபாதி. நிலத்துக்காரர் கீதாரிக்குக் கூலி கொடுப்பது அதற்காகத்தான்.

தீவனத் தொட்டி என்று ஒன்று இங்கே கிடையாது. பகலெல்லாம் வரப்புப் புல், வாய்க்கால் கரைப் பூண்டு, சீமைக்கருவேல் நெற்று என்று ஆடுகள் மேய்ந்து வருகின்றன. மனிதனால் செரிக்க முடியாத அந்த நாரை ஆட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கின்றன. தின்றதில் இருந்த தழைச்சத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெளியே வந்துவிடும். புறம்போக்கெங்கும் சிதறிக் கிடந்த சத்து, விடிவதற்குள் ஒரே வயலில் வந்து சேர்ந்துவிடுகிறது. வண்டி இல்லை, டீசல் இல்லை. உர விநியோகத்தில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறியேன்.

ஆட்டெருவில் சராசரியாக 3 சதம் தழைச்சத்து உண்டு. மக்கிய தொழுவுரத்தில் அரை சதம்தான். ஒரு டன் ஆட்டெரு என்றால் 30 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 21 கிலோகூடத் தேறாது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை.

இந்தக் கணக்கில் மூத்திரம் சேரவில்லை. அதில் இருப்பதும் யூரியாதான், மூட்டையில் வரும் அதே பொருள். கொட்டிலில் கட்டினால் தரையோடு வீணாகப் போவது, கிடையில் நேரே மண்ணில் இறங்குகிறது. ஆடு மூத்திரம் பெய்த இடத்தில் மட்டும் ஏக்கருக்கு 200 கிலோ என்ற அளவுக்குத் தழைச்சத்து குவியும். நெல்லுக்குப் பரிந்துரைப்பதோ 60 கிலோ. அதனால்தான் ராத்திரிக்கு ராத்திரி வலையைப் பிடுங்கி இடம் மாற்றுகிறார்கள். விடிந்ததும் ஆடுகள் எழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி, மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை உடைத்துக் காற்றில் விடும் தழைச்சத்து. சீக்கிரம் உழுது புரட்டினால் டெல்டாக் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் ரொம்ப முன்னாலேயே கிடை போட்டாலும் நஷ்டம் உண்டு. காய்ந்த மண்ணில் அமோனியா மெல்ல நைட்ரேட்டாக மாறும். நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் அது வாயுவாகிப் போய்விடும். ஆகவே தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் போடும் கிடையே பயிருக்குக் கூடுதலாகக் கொடுக்கும். கீதாரிக்கோ ஈரம் ஆகாது. சேற்றில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று தெரிந்துவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும் வரை உள்ள அந்தச் சில ராத்திரிகளுக்காக நிலத்துக்காரர்கள் கீதாரியிடம் முந்திக்கொண்டு சொல்லிவைப்பது நியாயம்தான்.