சொட்டுச் சொட்டாக ஏற்றுவது ஏன்?

மருத்துவமனைக்குப் போயிருந்தால் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் கட்டிலருகே ஒரு கம்பியில் மருந்து பாட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. அதிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய், கையிலுள்ள சிரைக்குள் செல்கிறது. குழாயின் நடுவே உள்ள சிறிய கண்ணறையில் மருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. நர்ஸ் குழாயிலுள்ள சிறு சக்கரத்தை உருட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணுகிறார்.

அருகில் இருக்கும் உறவினருக்குப் பொறுமை இருப்பதில்லை. 'கொஞ்சம் வேகமாக விட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே!' என்று நினைக்கிறார். சிலர் சக்கரத்தைத் தாமே உருட்டிவிடுவதும் உண்டு. அப்படிச் செய்யலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதைச் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

மலேரியா மருந்தின் உறவினர்

பெனிசிலின் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது என்று படித்திருப்பீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் அப்படி எந்த உயிரிலிருந்தும் கிடைத்ததன்று. அது வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பொருள்.

குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைத் தயாரிக்கும் ஆராய்ச்சியில் ஒரு துணைப்பொருள் கிடைத்தது. அதற்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் இருந்தது. இதை வைத்து அமெரிக்காவில் ஜார்ஜ் லெஷர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1962இல் நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தை வெளியிட்டனர். சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு இது பயன்பட்டது. ஆனால் உடலின் மற்ற பகுதிகளில் இதன் பயன் குறைவு.

பின்னர் இம்மூலக்கூறில் ஃப்ளூரின் அணு ஒன்று சேர்க்கப்பட்டது. மருந்தின் வீரியம் பலமடங்கு உயர்ந்தது. இவ்வாறு பிறந்த மருந்துகளுக்கு ஃப்ளூரோகுயினோலோன்கள் என்று பெயர். ஜப்பானில் நார்ஃப்ளாக்சசினும் ஜெர்மனியில் சிப்ரோஃப்ளாக்சசினும் உருவாயின. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. லெவோஃப்ளாக்சசின் இதே குடும்பத்தில் பின்னர் வந்தது.

பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது?

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 500இல் ஒரு பங்கு. அதனுள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அதாவது தன்னைவிட 700 மடங்குக்கும் அதிக நீளமுள்ள இழையை அது மடித்துச் சுருட்டி வைத்திருக்கிறது.

இப்போது ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். இரண்டு புரிகளாக முறுக்கிய சணல் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டுங்கள். மறுமுனையில் இரு புரிகளையும் பிரித்து இழுத்துக்கொண்டே போங்கள். முன்னால் உள்ள பகுதியில் முறுக்கு ஏறி, கயிறு முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு மேல் பிரிக்க முடியாது. பாக்டீரியா இரண்டாகப் பெருகும்போது அதன் டி.என்.ஏ. இழைகளும் பிரிந்தாக வேண்டும். அங்கும் இதே தொல்லைதான்.

இதைத் தீர்ப்பதற்கு ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. கைரேஸ். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தனர். இந்த நொதி டி.என்.ஏ.வை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டின் வழியே இழையின் வேறொரு பகுதியைக் கடத்துகிறது. பிறகு வெட்டிய இடத்தை ஒட்டிவிடுகிறது. முறுக்கு தளர்ந்துவிடுகிறது.

சிப்ரோஃப்ளாக்சசின் எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது தெரியுமா? வெட்டியபின், ஒட்டுவதற்கு முன். அது நொதியையும் இழையையும் அந்த நிலையிலேயே பிடித்து வைத்துவிடுகிறது. வெட்டு வெட்டாகவே நின்றுபோகிறது. டி.என்.ஏ. துண்டாகிப் பாக்டீரியா மடிகிறது. நம் செல்களிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு. ஆகவே சிகிச்சைக்குத் தரும் அளவில் இம்மருந்து அதைப் பிடிப்பதில்லை.

33 சொட்டின் கணக்கு

சிரை வழியே ஏற்றும் சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் 100 மி.லி. பாட்டிலில் வருகிறது. ஒரு மி.லி.யில் 2 மி.கி. மருந்து, ஆக ஒரு பாட்டிலில் 200 மி.கி. இதை ஏற்ற 60 நிமிடம் ஆக வேண்டும் என்பது விதி. பெரியவர்களுக்குப் பயன்படும் குழாய்கள் பலவற்றில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி. அப்படியானால் 100 மி.லி.யில் 2000 சொட்டு. 2000ஐ 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 சொட்டு. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது இதைத்தான்.

வேகம் கூடினால் என்ன? சிப்ரோஃப்ளாக்சசின் நீரில் நன்றாகக் கரைவதற்காக அதனுடன் லாக்டிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. ஆகவே கரைசலின் பி.ஹெச். மதிப்பு 3.5 முதல் 4.6 வரை இருக்கும். நம் இரத்தத்தின் பி.ஹெச். 7.4. பி.ஹெச். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அதன்படி இக்கரைசலில் இரத்தத்தைவிடச் சில நூறு மடங்கிலிருந்து சில ஆயிரம் மடங்கு வரை அதிக அமிலத்தன்மை உள்ளது. மெதுவாகச் சென்றால் ஓடும் இரத்தம் அதை உடனுக்குடன் நீர்த்துப்போகச் செய்யும். வேகமாகச் சென்றால் சிரையின் உட்சுவர் எரிந்து, சிவந்து, வீங்கும். பெரிய சிரையைத் தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான்.

லெவோஃப்ளாக்சசினை வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் குறைந்துவிடக்கூடும். எனவே 500 மி.கி. ஏற்றக் குறைந்தது 60 நிமிடமும், 750 மி.கி. ஏற்றக் குறைந்தது 90 நிமிடமும் தேவை.

அமிலக் கரைசல் என்பதால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பெனிசிலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இதனுடன் கலக்கக் கூடாது. ஒரே குழாயில் ஒரே நேரத்தில் விடவும் கூடாது.

டிரிப்ஸ் என்றால் வீரியம் அதிகமா?

'மாத்திரை வேண்டாம், டிரிப்ஸ் ஏற்றுங்கள்' என்று டாக்டரிடம் கேட்பவர்கள் நம் ஊரில் ஏராளம். சிப்ரோஃப்ளாக்சசினைப் பொறுத்தவரை இது எவ்வளவு சரி? விழுங்கும் மாத்திரையில் ஏறத்தாழ 70 சதவீதம் இரத்தத்தை அடைந்துவிடுகிறது. 500 மி.கி. மாத்திரை தரும் பயனும் சிரை வழியே 400 மி.கி. தரும் பயனும் ஏறக்குறைய சமம். லெவோஃப்ளாக்சசின் மாத்திரையோ கிட்டத்தட்ட முழுவதுமாக இரத்தத்தில் சேர்ந்துவிடும்.

அப்படியானால் டிரிப்ஸ் யாருக்கு? நினைவிழந்தவர், ஓயாமல் வாந்தி எடுப்பவர், குடல் அறுவைக்குப்பின் எதையும் விழுங்க முடியாதவர், தொற்று இரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு. அவர்கள் தேறி விழுங்கத் தொடங்கியதும் டாக்டர் மாத்திரைக்கு மாற்றுவார். சிரையில் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் வழியே புதிய கிருமி நுழைய வாய்ப்பு உண்டு அல்லவா?

மாத்திரைக்கும் ஒரு விதி இருக்கிறது. பால், அமில எதிர்ப்பு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றிலுள்ள உலோக அயனிகள் இம்மருந்தைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். அமில எதிர்ப்பு மருந்து உண்பதற்கு 2 மணி முன்போ, உண்டு 6 மணி கழித்தோதான் சிப்ரோஃப்ளாக்சசினை விழுங்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவு அன்று

சிரையில் ஏற்றிய மருந்தில் ஏறத்தாழ பாதிக்கு மேல் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. 4 முதல் 6 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகிறது. 4 மணி என்று வைத்துக்கொண்டால் 12 மணியில் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். இதனால்தான் பொதுவாக 12 மணிக்கு ஒருமுறை மருந்து தருகிறார்கள். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மருந்து தேங்கும். அவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இக்குடும்ப மருந்துகள் அனைத்திற்கும் கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண், குறிப்பாகக் குதிகாலின் பின்புறம் உள்ளது, இம்மருந்தால் வீங்கலாம், அறுந்தும் போகலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு 2011இலும், பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு 2018இலும் எச்சரிக்கை வந்தது. இளம் நாய்களில் செய்த சோதனையில் மூட்டுக் குருத்தெலும்பு பழுதானது தெரியவந்ததால், சிறுவர்களுக்கு இது முதல் மருந்தாகத் தரப்படுவதில்லை.

வேறு மருந்துகளோடும் இது மோதும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினைக் கல்லீரல் சிதைப்பதை இது தாமதப்படுத்துகிறது. அது இரத்தத்தில் தேங்கினால் வலிப்பு வரலாம். தசைப்பிடிப்புக்கான டிசானிடினைச் சிப்ரோஃப்ளாக்சசினுடன் சேர்த்துத் தரவே கூடாது. நீரிழிவு மாத்திரை உண்பவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

இத்தனை ஆபத்து இருந்தால் ஏன் தர வேண்டும் என்று கேட்கலாம். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய கடிதங்கள் வந்தபோது, கிருமியை எதிர்கொண்டவர்களைக் காக்கப் பயன்பட்டவற்றுள் இம்மருந்தும் ஒன்று. உயிருக்கே ஆபத்து எனும்போது தசைநாண் பழுதுபடும் சிறு வாய்ப்பை ஏற்கலாம். சாதாரண மூக்கடைப்புக்காக அதை ஏற்பது அறிவுடைமை ஆகாது. வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் தொற்று, எளிய சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு இதைத் தரவேண்டாம் என்று 2016இல் அதே நிறுவனம் அறிவுறுத்தியது.

டைபாய்டு தந்த பாடம்

1990ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் டைபாய்டுக் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கும் ஒரே நேரத்தில் அடங்க மறுத்தது. அப்போது சிப்ரோஃப்ளாக்சசின் கைகொடுத்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் இறங்க அதிக நாட்கள் பிடித்தன. காரணம், கைரேஸ் நொதியில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம். நொதியின் 83ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. மருந்து மற்றக் கிருமிகளைக் கொன்றுவிட, மாற்றம் பெற்றவை மட்டும் தப்பிப் பெருகின. இன்று இந்தியாவில் டைபாய்டுக்குச் செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகளையே பெரும்பாலும் நாட வேண்டியுள்ளது.

ஆகவேதான் இயன்ற இடங்களில் முதல் பாட்டிலை ஏற்றுவதற்கு முன்பே இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் போதிய அளவு விரிந்தால் அம்மருந்து பயன்படும். சளி, டெங்கு போன்றவை வைரஸ்களால் வருபவை. அவற்றின்மேல் இம்மருந்து வேலை செய்யாது.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டரின் சீட்டு இல்லாமல் அம்மருந்தை வாங்கவோ உண்ணவோ கூடாது என்பது அதன் பொருள். 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் இக்கோட்டைப் பற்றி மக்களுக்கு விளக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. இதை உங்கள் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் யாரையேனும் மருத்துவமனையில் சேர்த்தால், அவர் ஏற்கெனவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். சிறுநீரக நோய், நீரிழிவு, முன்பு ஏதாவது மருந்து ஒவ்வாமல் போனது ஆகியவற்றையும் அதில் குறிப்பிடுங்கள். மருந்து ஏறும்போது குழாய் இருக்கும் இடத்தில் எரிச்சல், உடலில் அரிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் தோன்றினால் உடனே நர்ஸை அழையுங்கள். குதிகாலில் வலி, கைகால்களில் மதமதப்பு, மனக்குழப்பம் தெரிந்தாலும் தாமதியாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் குறித்த நாட்கள் முடியுமுன் மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மிஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.