வாங்கத் தெரியும், கழிக்கத் தெரியுமா?

வேலூரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஜலகண்டேசுவரருக்கு இன்று குறைவில்லாமல் பூஜை நடக்கிறது. ஆற்றிலும் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வெள்ளம் ஓடுகிறது. பேச்சு பொய்த்துப் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: உயிர் இல்லாத கம்ப்யூட்டர்!

வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர் போனவை. கல்விக்கும் அப்படித்தான். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தோன்றியது. 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது; அதுதான் வி.ஐ.டி. வேலூர்க் கோட்டைக்குள் இருந்த சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதுகலை மையம், 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக் கழகமாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன்பு கம்ப்யூட்டர் ஓர் அதிசயப் பொருள். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 வந்தபோது அதற்கென்று தனி இடம், குளிர்ச்சி ஏற்பாடு எல்லாம் செய்தார்கள். இன்றோ, மேஜை தோறும் ஒன்று. மாணவர் மடி தோறும் ஒன்று. இவை எல்லாம் ஒருநாள் சாகத்தானே போகின்றன? செத்த பின் எங்கே போகின்றன?

யானையும் யந்திரமும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வருமான வரிக் கணக்கில் அதற்கு ஆண்டுக்கு 40 சதவிகிதம் தேய்மானம் போடுகிறார்கள். இன்று 50,000 ரூபாய்க்கு வாங்கிய யந்திரம், ஐந்து ஆண்டு கழித்துக் கணக்குப் புத்தகத்தில் 3,888 ரூபாய்! சந்தையில் அதுவும் கிடைப்பது சந்தேகம்.

இருந்தும் வாங்கும்போது நடக்கிற ஆரவாரத்தைப் பாருங்கள். குழு கூடுகிறது, எத்தனை வேண்டும், என்ன சக்தி வேண்டும் என்று பட்டியல் தயாராகிறது, ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள். இதற்கென்றே தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத் தன்மைச் சட்டம் இருக்கிறது. விலைகளை ஒப்பிட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போகிறது. கட்டுக் கட்டாகக் காகிதம் சேர்கிறது. அத்தனை காகிதத்திலும் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை: இது பழுதாகிக் கிடக்கும்போது யார் எடுத்துக்கொண்டு போவது?

நடுவயது மரணம்

எல்லா யந்திரமும் கிழமாகிச் சாவதில்லை. சில நடுவயதில் சாகடிக்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11 பழைய யந்திரங்கள் பலவற்றில் ஏறாது. நேற்று வரை ஒழுங்காக ஓடியது, இன்று உதவாக்கரை என்று பெயர் வாங்கிக்கொண்டு மூலைக்குப் போகிறது.

அவசரப்பட வேண்டியதில்லை. நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, சுழலும் தட்டுக்குப் பதில் புது வகை எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பல யந்திரங்கள் இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஓடும். விலையில்லா லினக்ஸ் இருக்கிறது. பாஸ் என்ற லினக்ஸைச் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கட்டுரை அடிக்கவும், கணக்குப் போடவும், நூலகப் பட்டியல் பார்க்கவும் இது தாராளமாகப் போதும். வேலூர் வெயிலும் தூசியும் யந்திரத்துக்கு ஆகாதவை. ஆண்டுக்கு இருமுறை திறந்து தூசி தட்டினாலே பாதி வைத்தியம் ஆயிற்று.

ஏலத்தின் சூட்சுமம்

ஆனாலும் ஒருநாள் கழித்துத்தான் ஆகவேண்டும். அப்போது என்ன நடக்கிறது? இருப்புப் பதிவேட்டில் இருப்பதைக் கழிக்கத் தணிக்கைக்காரர் என்ன சொல்வாரோ என்று பயம். ஆகவே ஆண்டுக் கணக்கில் பூட்டிய அறை. கடைசியில் இடம் போதாமல் ஏலம். அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்தால் நிர்வாகத்துக்கு லாபம், தணிக்கைக்கும் திருப்தி.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. காயலான் கடைக்காரர் ஏன் அதிக விலை கேட்கிறார்? அவருக்கு வேண்டியது செம்பும் தங்கமும். கம்பிச் சுருளைக் கொளுத்தினால் செம்பு வரும். பலகையை அமிலத்தில் போட்டால் தங்கம் வரும். டில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் இப்படித்தான் நடந்தது என்பதை நாடறியும். விலைபோகாத மிச்சத்தை, ஈயத்தையும் அமிலத்தையும் சாம்பலையும், என்ன செய்வது? பழைய கண்ணாடிக் குழாய்த் திரை ஒன்றில் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் இருப்பது சாதாரணம். அது சாக்கடைக்குப் போகிறது. புகை, கூலிக்கு உட்கார்ந்து உடைக்கிறவரின் நெஞ்சுக்குப் போகிறது. முறைப்படி பிரிக்கிறவருக்கு இதற்கெல்லாம் செலவு உண்டு. ஆகையால் அவரால் அவ்வளவு விலை தர முடியாது. ஏலத்தில் கிடைத்த கூடுதல் பணம் லாபமல்ல. ஊரார் தலையில் கட்டிய கடன்.

தோல் சொல்லும் பாடம்

இந்தக் கணக்கு நம் வட்டாரத்துக்குப் புதிதா என்ன? தோல் தொழிலில் விலையுள்ள எதுவும் வீணாவதில்லை. சுரண்டி எடுத்த சவ்வு வச்சிரம் காய்ச்சப் போகும்; சீவிய தோல்தூள் அட்டை செய்யப் போகும். வாங்க ஆளில்லாதது ஒன்றுதான்: கழிவுநீர். அது பாலாற்றுக்குப் போயிற்று. 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாயிற்று என்ற ஆய்வு சுப்ரீம் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும், வருமுன் காக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று கோர்ட் சொன்னது. இந்தியா முழுவதும் சட்டம் படிக்கிறவர்கள் வேலூரின் பெயரைப் படிப்பது இதனால்தான்.

ஆனால் தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடவில்லை. நஷ்ட ஈடு கிடைக்காத குடும்பங்களுக்கு அதைக் கொடுத்து, கெடுத்தவர்களிடம் வசூலிக்கும்படி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் 2025 ஜனவரி 30-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 ஆண்டு!

ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு மலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதிலுள்ள நச்சு வகைக் குரோமியத்தைக் கம்ப்யூட்டரிலும் காணலாம். இரும்புப் பாகங்கள் துருப் பிடிக்காமல் பூசிவந்தது அதைத்தான். ஆகவேதான் நம் மின்னணுக் கழிவு விதிகள் ஈயம், பாதரசம், காட்மியம் இவற்றோடு அந்தக் குரோமியத்துக்கும் வரம்பு கட்டியிருக்கின்றன. தோல் ஷாப்புக்குச் சரக்காகப் போன விஷத்தின் உறவுக்காரன், கல்லூரி வாசலில் பெட்டிக்குள் வந்து இறங்குகிறான்!

வாங்கும் நாளிலேயே

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, ஓராண்டில் எந்த நேரத்திலாவது 1,000 மின்சாதனங்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் பெரு நுகர்வோர். பிரிண்டர், ஏர் கண்டிஷனர், குளிர்சாதனப் பெட்டியெல்லாம் இந்த எண்ணிக்கையில் சேரும். ஆகவே பெரிய கல்லூரிகள் தப்ப முடியாது. அவர்கள் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்கவேண்டும். யு.பி.எஸ். பாட்டரிக்கு 2022-ல் வந்த தனி விதிகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கழிக்கும் யந்திரத்துக்குள் மாணவரின் மதிப்பெண், ஆதார் எண், பாங்குக் கணக்கு எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். அழித்தேன் என்று பொத்தானை அழுத்துவது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேதான் இருக்கும். அதற்கென்று உள்ள முறையில் முற்றும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டை உடைத்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் பூட்டிய அறை நிரம்பிய பிறகு யோசித்துப் பயனில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் நாளிலேயே மூன்று வரி எழுதிவிடலாம். எத்தனை ஆண்டுக்கு உதிரி பாகம் தருவீர்? ஆயுள் முடிந்ததும் யார் திரும்ப எடுப்பார்? எடுத்ததற்கு என்ன சான்று தருவார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவரின் விலை குறைந்த விலையே அல்ல. மிச்சத்தை வேறு யாரோ கட்டப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

உலகம் 2022-ல் குவித்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவிகிதமே என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. உலகம் திருந்தட்டும் என்று காத்திருக்க மற்ற ஊர்களுக்கு உரிமை இருக்கலாம். பாலாற்றங்கரைக்கு இல்லை. விலையில்லாத மிச்சத்தை ஆற்றில் விட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. கிணற்றில் ஒரு வாளி நீர் சேந்தி வாயில் ஊற்றிப் பார்த்தால் போதும்.