திரை பாதியானால் எழுத்து மறையலாமா?

ஒரே திரை, அதில் இரண்டு வேலை! இடது பக்கம் பாடப்புத்தகம். வலது பக்கம் மாணவர்களின் மதிப்பெண் பட்டியல். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

டேப்லெட் என்னும் கைக்கணினியில் இந்த வசதி இருக்கிறது. இதற்குத் "திரைப் பிரிப்பு" என்று பெயர். நடுவில் உள்ள கோட்டை ஓரத்துக்கு இழுத்து விட்டால், மறுபடி முழுத்திரை ஆகிவிடும்.

2024-ம் ஆண்டில் தமிழக அரசு, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் வழங்கியது. எனவே இது பட்டணத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மலையூர்ப் பள்ளிக்கும் உரியதுதான்.

மாயமான எழுத்து

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். 20 பிள்ளைகளின் விவரங்களை எழுதிக்கொண்டு இருக்கிறார். இடையில் புத்தகத்தைப் பார்க்கத் திரையைப் பிரிக்கிறார். அவ்வளவுதான்! எழுதிய விவரங்களைக் காணோம். மீண்டும் முதலில் இருந்து எழுத வேண்டும்.

ஏன் இப்படி?

ஆண்ட்ராய்டு கருவிகளில் திரையின் அளவு மாறினால், பழைய பக்கம் கலைக்கப்படும். புதிய அளவில் வேறு பக்கம் கட்டப்படும். இது கூரையைப் பிரித்து வீட்டை மாற்றிக் கட்டுவது போன்றது. பிரிக்கும் முன் பண்டபாத்திரங்களை எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டாமா? அதுபோல, எழுதியதைச் சேமித்து வைத்து, புதிய பக்கத்தில் திருப்பி வைக்க வேண்டும். இது செயலியை உருவாக்குகிறவரின் கடமை. அவர் மறந்தால், ஆசிரியையின் உழைப்பு வீண்!

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அதனால் யாருடைய நிலமாவது மறைந்து போயிற்றா? இல்லை. எல்லை மாறியது, நிலம் அவரவருக்கே இருந்தது. திரையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எதை அளப்பது?

இன்னொரு தவறும் உண்டு. "டேப்லெட் பெரியது, இடம் தாராளம்" என்று நினைத்து, பட்டியலையும் விவரத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துவிடுவார்கள். திரையைப் பிரித்தால் எழுத்துகள் நெருங்கி நசுங்கும்.

கருவியை அளக்கக் கூடாது; செயலிக்குக் கிடைத்த இடத்தைத்தான் அளக்க வேண்டும். இதற்குக் கூகுள் நிறுவனம் ஒரு கணக்கு வைத்து இருக்கிறது. 160 புள்ளி ஓர் அங்குலம். அகலம் 600 புள்ளிக்குக் கீழே இருந்தால் ஒரே பத்தி. 840-ம் அதற்கு மேலும் என்றால் இரண்டு பத்தி. முழுத்திரை 1,000 புள்ளி என்றால், பட்டியலும் விவரமும் சேர்ந்து இருக்கலாம். பாதியில் 500 புள்ளிதான். அப்போது பட்டியல் மட்டும் போதும். பெயரைத் தொட்டால் விவரம் வரட்டும்.

வந்த கதை

2010-ல் ஐபேட் வந்தபோது இந்த வசதி இல்லை. 2012-ல் சாம்சங் நிறுவனம் தன் சில கருவிகளில் கொண்டுவந்தது. ஐபேடுக்கு 2015-லும், ஆண்ட்ராய்டு 7 மூலம் மற்ற கருவிகளுக்கு 2016-லும் வந்தது.

சோதித்துப் பாருங்கள்!

புதிய செயலி கைக்கு வந்ததா? ஒரு பெயரைப் பாதி எழுதுங்கள். திரையைப் பிரியுங்கள். மறுபடி முழுத்திரை ஆக்குங்கள். பாதிப் பெயர் அப்படியே இருக்கிறதா? இருந்தால் நம்பி எழுதலாம். இல்லை என்றால், எழுதி முடித்துச் சேமித்த பிறகே திரையைத் தொடுங்கள்!