இஞ்சிக்கு எது விலை?

'இயற்கை விவசாயம்' என்று ஆரம்பித்தாலே நம்ம ஆட்கள் பஞ்சகவ்யத்தில்தான் போய் நிற்பார்கள். அடியேன் பி.காம்.! கோமியத்தின் மகிமை பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்... நாம் கொஞ்சம் வரவு செலவு பார்ப்போமா?

சிக்கிமை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, மண், மலைச்சரிவு எதற்கும் பஞ்சமில்லாத குட்டி மாநிலம். இஞ்சி, மஞ்சள், பெரிய ஏலக்காய் (பிரியாணியில் கறுப்பாக, பெரிசாகத் தட்டுப்பட்டுத் திடுக்கிட வைக்குமே, அதேதான்!) எல்லாம் விளைகிற பூமி. 2003-ல் அப்போதைய முதல்வர் பவன் குமார் சாம்லிங், 'மாநிலம் முழுக்க இயற்கை விவசாயம்' என்று அறிவித்தார். அறிவித்த மறுநாளே உரக்கடைக்குப் பூட்டுப் போட்டுவிடவில்லை. உர மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டினார்கள். 2010-ல் இதற்கென்றே ஒரு தனி இயக்கம். ரசாயன உரம் விற்றால் அபராதம், ஜெயில் என்கிற சட்டம் வந்ததே 2014-ல்தான்! சுமார் 75,000 ஹெக்டேரும் இயற்கைக்கு மாறிவிட்டதாகப் பிரதமர் மோடி அறிவித்தது 2016 ஜனவரியில். ஆக, 13 வருஷம்!

பக்கத்து இலங்கையில் இதையே தடாலடியாகச் செய்தார்கள். 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பரிலேயே பின்வாங்கும்படி ஆயிற்று.

ஏன் இந்த நிதானம் வேண்டியிருக்கிறது? யூரியா போட்டால் பயிர் அடுத்த வாரமே பச்சைப்பசேல் என்று நிற்கும். எரு அப்படியில்லை. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை மக்கவைத்துப் பயிருக்குக் கொடுக்க வேண்டும். ரசாயனத்திலேயே பழகின நிலத்தில் அதுகள் பெருகவே நாளாகும். அதுவரை மகசூல் இறங்கும். சரி, குறைந்த மகசூலையாவது 'இயற்கை விளைச்சல்' என்று கூடுதல் விலைக்கு விற்கலாமா என்றால், அதுவும் கூடாது! முழுச் சான்றிதழ் கைக்கு வர, ஒரு போகப் பயிருக்கு 2 வருஷம், ஏலக்காய் மாதிரி நிலைப்பயிருக்கு 3 வருஷம் காத்திருக்க வேண்டும். செலவுப் பக்கம் நிரம்பி வழியும், வரவுப் பக்கம் காற்று வாங்கும். அந்த 3 வருஷம் விவசாயி வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதற்குத் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டாமோ?

சான்றிதழ் வந்த பிறகாவது விடிந்ததா என்றால்... சிக்கிம் இஞ்சி மலையிறங்கிப் போகிற பெரிய மார்க்கெட் மேற்கு வங்கத்து சிலிகுரி. அங்கே மற்ற இஞ்சியோடு இதுவும் ஒரே குவியல். வியாபாரி எடையைப் பார்ப்பாரா, காகிதத்தைப் பார்ப்பாரா? 2018-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து தங்க விருதே கொடுத்தது. அதே வருஷம், வெளியிலிருந்து வரும் ரசாயனக் காய்கறிகளுக்குச் சிக்கிம் தடை போட, உள்ளூரில் காய்கறி விலை எகிறியது.

எனக்கென்னவோ, அடுத்த பணத்தை உரக்குழியில் போடுவதைவிட, இஞ்சி விளைகிற ஊர்ப்பக்கமே உலர்த்திச் சுக்காக்கும் கொட்டகைகளில் போடலாம் என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில் தீஸ்தா நதியோரம் மலை சரிந்து 10-ம் எண் நெடுஞ்சாலை அடிக்கடி அடைபடும். லாரி நாள்கணக்கில் நின்றாலும் சுக்கு தாங்கும். பச்சை இஞ்சி தாங்குமா?